கையோடு விற்கப்படும்

ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு எக்ஸ்சேஞ்ச் சலுகை முடிகிறது. அதற்குள் தாரணி தன் பழைய கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்துப் புதியதை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பழையதைத் தானே யாருக்காவது விற்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. ஒருவர் பெயரில் ஒரு கைதான் இருக்கலாம் என்பது சட்டம். திங்கட்கிழமை அவள் பாடநூல் அலுவலகத்தில் சேர்கிறாள். பழைய கையை விடும்வரை புதுக் கம்ப்யூட்டர் அவளிடம் பழக ஆரம்பிக்காது.

கை என்று எல்லோரும் சொல்வது உள்ளே இருக்கும் பழகு சில்லைத்தான். ஒரே ஆள் வருடக்கணக்கில் எழுத எழுத, அவர் எழுதும் விதம் அந்தச் சில்லில் தடமாக விழுந்துவிடும். எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல், எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதெல்லாம் அதில் பதியும். பிறகு விஷயத்தைக் கொடுத்தால் போதும், அவர் எழுதுவதுபோலவே அது எழுதும். ஆற்றின் தடத்தைப் பெயர்த்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்க முடியாது. அதுபோல இதையும் நகல் எடுக்க முடியாது.

காந்திபுரத்துக் கடையில் ரியாஸ் கம்ப்யூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒன்பது வருஷமா ஒரே கையாக்கா?"

"ம்."

"என்ன வேலை?"

"ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் லெட்டர்."

அவன் நிமிர்ந்தான். "அந்த எளிய தமிழ் லெட்டரா? எங்க வாப்பாவுக்கு ஒண்ணு வந்துச்சு. நீங்க எழுதுனதா இருக்கும்."

இருக்கலாம். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன நோய், என்ன செய்தார்கள், இனி என்ன செய்ய வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குப் புரியும் தமிழில் எழுதித்தர வேண்டும். தாரணி அதைத்தான் செய்துவந்தாள். பெயர்கள் அவளிடம் வருவதில்லை, எண்கள்தான் வரும். கடிதத்தின் அடியில் மட்டும் 'எழுதியவர்: தாரணி' என்று இருக்கும்.

"இத ஏன் எக்ஸ்சேஞ்ச்ல போடறீங்க? நீங்களே கையோட வித்தா மூணு மடங்கு கிடைக்கும். எக்ஸ்சேஞ்ச்னா கம்பெனியில கையக் கழுவித் தொடச்சுடுவாங்க."

"கழுவட்டும். அழிஞ்சுட்டா நிம்மதி."

ரியாஸ் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அழிஞ்சுடும்னு யாருக்கா சொன்னா? கழுவுன தண்ணி எங்கியாவது போகணுமில்ல. கம்பெனியில ஒரு பெரிய தொட்டி இருக்குதுன்னு வெச்சுக்கங்க. முழுசா எடுக்கத்தான் முடியாது, கரைக்க முடியும். உங்க கை, வக்கீல் கை, கல்யாணப் பத்திரிகை எழுதறவன் கை, எல்லாம் அதுல விழும். கலக்கி, பொதுக் கைன்னு விக்கறாங்க."

"எங்க ஆஸ்பத்திரியில திங்கக்கிழமையிலிருந்து அதுதான் எழுதப் போகுது."

"அப்பறம் என்ன. அங்க போயி நீங்களே உங்களுக்கு வேலை பாப்பீங்க. சம்பளம் மட்டும் வராது."

அவன் சிரித்தான். தாரணி கம்ப்யூட்டரைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் கவலை வேலையைப் பற்றியதல்ல. ஒரு வரியைப் பற்றியது.

அந்த வரியை அவள் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் டாக்டர்கள் காலங்காலமாகச் சொல்வதுதான். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலையில், குடும்பத்தாரைத் தனியே கூப்பிட்டு, அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்பார்கள். கேட்டவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள். தாரணி அதைக் கடிதத்தின் கடைசி வரியாக வைத்தாள். அப்படிப்பட்ட கடிதங்களில் மட்டும். மற்றக் கடிதங்களில் 'எல்லாம் சாப்பிடலாம்' என்று எழுதுவாள். 'பிடித்ததை' என்ற சொல் மறந்தும் வராது. ஒன்பது வருடத்தில் கையும் அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொண்டது.

பொதுக் கை கற்றுக்கொள்ளவில்லை. போன மாதம் ஈரோட்டுக் கிளையில் சோதனைக்கு வைத்திருந்தார்கள். குடல்வால் அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் பதினேழு வயதுப் பெண்ணின் கடிதத்தில், வேறு யார் கையிலிருந்தோ தொட்டிக்குள் போயிருந்த அந்த வரி கடைசியாக வந்து உட்கார்ந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பவானியிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்தார்கள். பெரியப்பா ஒருவர் மொட்டை வேண்டிக்கொண்டு அப்படியே பழனிக்குக் கிளம்பினார். அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து, எதற்கு எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று விளங்காமல், அத்தை கொண்டுவந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்ததாம்.

கோவை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். தாரணியால் சிரிக்க முடியவில்லை. தவறான இடத்தில் வந்தால் ஒரு குடும்பம் அழும். கண்ட இடத்திலெல்லாம் வர ஆரம்பித்தால், உண்மையாகவே வர வேண்டிய இடத்தில் யாரும் அதை நம்ப மாட்டார்கள். அந்த வரியைத் தொட்டியில் விடுவதா, முன்பின் தெரியாத ஒருவரிடம் விடுவதா என்பதுதான் இப்போது அவள் முன்னால் இருந்த கேள்வி.

அக்கா அகிலாவுக்கு அது கேள்வியே இல்லை. அவளே விளம்பரம் எழுதிப் போட்டுவிட்டாள். 'ஆஸ்பத்திரிக் கை. ஒன்பது வருடம். ஒரே ஆள். கையோடு விற்கப்படும்.' தாரணி முன்பின் தெரியாதவர்களோடு போனில் பேச மாட்டாள். அதனால் சனிக்கிழமை முழுவதும் அகிலாதான் பேசினாள்.

"உனக்கு மாப்பிள்ளை பாத்தப்பக்கூட இத்தன போன் வரலடி. உன் கைக்கு என்ன கிராக்கி பாரு."

"யாருக்கா கேக்கறாங்க?"

"முதல்ல ஒருத்தன் கடன் வசூல் கம்பெனி. அவன் பேச்சே எனக்குப் பிடிக்கல, வெச்சுட்டேன். இந்தா, இவரு இன்சூரன்ஸ். லைன்ல இருக்காரு. மரியாதையா பேசறாரு."

அகிலா போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

"மேடம், உங்க லெட்டர்ஸ் நான் நிறையப் படிச்சிருக்கேன்," என்றார் இன்சூரன்ஸ்காரர். "கெட்ட செய்தியக்கூட எதிராளி கோவப்படாத மாதிரி எழுதறீங்க. எங்களுக்கு அதுதான் வேணும். மாசம் நாலாயிரம் கிளெய்ம் ரிஜெக்ட் பண்றோம். பாதிப் பேர் கோர்ட்டுக்குப் போயிடறாங்க. உங்க கை எழுதுச்சுன்னா, நன்றின்னு பதில் போட்டுட்டுப் போயிடுவாங்க."

தாரணி தலையை ஆட்டினாள். அகிலா அவளை முறைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம் சார்," என்று போனை அணைத்தாள்.

"ஏண்டி?"

"அதுக்காக நான் எழுதலக்கா."

"நீ எதுக்காக எழுதுனாலும் இனி அது உன்னுது இல்ல சாமி. சைக்கிளை வித்துட்டு, அவன் எந்தத் தெருவுல ஓட்டறான்னு பின்னாடியே போவியா?"

 அக்கா சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று தாரணி யோசித்தாள். சைக்கிள் பேசாது என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்வதற்குள் அகிலா அடுத்த போனை எடுத்துவிட்டாள்.

அந்தப் போனில் பேசியவர் பெயர் பூபதி. உடுமலைப்பேட்டையில் பன்னிரண்டு படுக்கையுள்ள சின்ன நர்சிங் ஹோம் வைத்திருப்பதாகச் சொன்னார். அங்கே கடிதம் எழுத ஆளில்லை. நேரில் வந்து கை பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். தாரணிக்கு முதல்முறையாக நெஞ்சு லேசானது. பன்னிரண்டு படுக்கை. ஒவ்வொரு கடிதத்தையும் யாராவது ஒருவர் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஞாயிறு காலை பத்தரைக்கு அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை ஒரு சுற்றுப் பெரியதாக இருந்தது. அகிலா காபி கொண்டுவந்தாள்.

"வேண்டாமுங்க. வயிறு கொஞ்சம் சரியில்ல."

"மோராவது?"

"இருக்கட்டுமுங்க. தண்ணி போதும்." அவர் தாரணியின் பக்கம் திரும்பினார். "நீங்கதானா அம்மணி அது? இன்னும் பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

தாரணி புன்னகைத்தாள். அகிலா, "எழுத்துலதான் இவ பெரிய ஆளு. வீட்டுல வாயத் தொறக்க மாட்டா. நீங்க பாத்துட்டு இருங்க, அடுப்புல குழம்பு இருக்கு," என்று உள்ளே போனாள்.

கையோடு வாங்குகிறவர்கள் தங்கள் தாளைக் கொடுத்துத்தான் கை பார்ப்பார்கள். விற்கிறவர் தாளைக் கொடுத்தால் ஏற்கெனவே எழுதியதை எடுத்துக் காட்டிவிடலாம். பூபதி பையிலிருந்து, ஆங்கிலத்தில் இருந்த மருத்துவ அறிக்கைத் தாள்களை மடிப்போடு எடுத்தார். பெயரும் ஆஸ்பத்திரியும் இருக்க வேண்டிய மேல் பகுதி கிழிக்கப்பட்டிருந்தது.

"பேரு வெளிய தெரியக் கூடாதில்லீங்க. அதான் கிழிச்சுட்டேன்."

அது சரியான முறைதான். தாரணி தாள்களைக் காட்ட, கம்ப்யூட்டர் அவற்றைப் படித்தது. ஆண், நாற்பத்தொன்பது வயது. அவளும் படித்தாள். படித்து முடிப்பதற்கு முன்பே கடைசி வரி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

கை எழுதியது.

'இவருடைய கணையத்தில் ஒரு கட்டி இருக்கிறது. அது கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. மஞ்சள் காமாலை குறைவதற்காக உள்ளே ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறோம். வலி வருவதற்குக் காத்திருக்காமல், மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். படுக்கும்போது தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். நடக்க விரும்பினால் நடக்கட்டும், கூட ஒருவர் போங்கள். காய்ச்சலோ குளிரோ வந்தால் உடனே அழையுங்கள். அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள்.'

பூபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"நல்லா எழுதுதுங்க," என்றார். "ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்குது." கிழித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "இது எல்லாமே வீட்டுக்காரங்களுக்கு எழுதறதுதானுங்களே?"

"ஆமாங்கண்ணா."

"பேஷண்டுக்கே எழுதச் சொன்னா எழுதுமுங்களா?"

இப்படிப்பட்ட நோயில் அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை, சிறு நோய்களில் மட்டும் அவள் நோயாளிக்கே எழுதியதுண்டு. தாரணி, பெறுபவர் என்ற இடத்தில் 'நோயாளி' என்று மாற்றினாள்.

'உங்களுக்கு மஞ்சள் காமாலை குறைவதற்காக உள்ளே ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறோம். மாத்திரையை உணவுக்குப் பின் சாப்பிடுங்கள். படுக்கும்போது தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும்.'

அங்கே நின்றது. தாரணி மறுபடி எழுதச் சொன்னாள். அதே மூன்று வரிகள், அதே இடத்தில் நின்றன. கட்டி என்ற சொல்கூட வரவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே.

"கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. நல்லாத்தான் இருக்கு." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதுக்கு மேல தடம் இல்ல. நான் எழுதுனதத்தான் இது எழுதும். இந்த மாதிரி நெலமையில இருக்கறவங்களுக்கு நான் ஒரு லெட்டர்கூட எழுதுனதில்ல."

"ஒன்பது வருஷத்துல ஒண்ணுகூடவா?"

"வீட்டுல இருந்து வந்து, அவருகிட்டச் சொல்லிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க. எல்லாருமே அப்படித்தான்."

பூபதி கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்தவர்போல் இருந்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு நர்சிங் ஹோம் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க அம்மணி. மோட்டார் ஸ்பேர்ஸ் கடை வெச்சிருக்கறேன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க. பத்து நாளைக்கு முந்தி உங்க ஆஸ்பத்திரியில இருந்துதான் என்னைய வீட்டுக்கு அனுப்பிச்சாங்க."

பத்து நாளைக்கு முன்பு அவள் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். அந்த வாரத்துக் கடிதங்கள் எல்லாம் அவள் எழுதியவை. கணையம், குழாய், நாற்பத்தொன்பது என்று நினைவில் தேடினாள். அப்படி எத்தனையோ இருந்தன. எது இவருடையது என்று தெரியவில்லை.

"எனக்குப் பத்து வருஷமா சக்கர இருக்குதுங்க," என்றார் பூபதி. "காபிக்கு அர ஸ்பூன் சேத்திக் கேட்டா எஞ்சம்சாரம் கண்ண உருட்டுவா. இப்ப அவளே மைசூர்பாகு வாங்கிட்டு வந்து வாயில வெக்கறா. கறி வேணுமா, நண்டு வேணுமாங்கறா. வீட்டுக்குள்ள நண்டு வரக் கூடாதுன்னு இருபது வருஷமா சண்ட போட்டவ. எம்மவன் பெங்களூர்ல இருந்து வந்து உக்காந்துட்டு, அப்பா ஐஸ்கிரீம் சாப்பிடலாமாங்கறான். எனக்கு ஒண்ணும் எறங்கறதில்லீங்க. ஆனா இவங்க குடுக்கறது நிக்க மாட்டேங்குது. அதுலயே எனக்குப் பாதி வெளங்கிப் போச்சு."

"டாக்டரக் கேக்கலீங்களா?"

"கேட்டேன். தைரியமா இருங்க பூபதின்னாரு. எம்மவன் எம் முதுகுக்குப் பின்னாடி நின்னு கண்ணக் காட்டறது கண்ணாடியில தெரியுது." அவர் சிரித்தார். "பீரோவுல துணிக்கு அடியில இந்தத் தாளு இருந்துச்சு. எல்லாம் இங்கிலீஷு, எனக்கு ஒரு எழுத்தும் புரியல; உங்க தமிழ் லெட்டர எங்கண்ணுல காட்டவே இல்ல. அப்பத்தான் உங்க விளம்பரம் பாத்தனுங்க. மனுசங்க சொல்லலைன்னா மெஷினாவது சொல்லும்னு வந்தேன். அதுவும் உங்கள மாதிரியே இருக்குது."

 தாரணியின் விரல்கள் விசைகளின்மேல் இருந்தன. பேச முடியாத இடங்களில் அவை தாமாக அங்கே போய்விடும்.

"பெரிய விஷயம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கு ஒரு தம்பி இருக்கறான், தாராபுரத்துல. எம்மவ கல்யாணப் பத்திரிகையில அவம் பேரு கீழ போயிருச்சுன்னு ஏழு வருஷமாப் பேச்சு வார்த்த இல்ல. அச்சுல வந்த தப்புதான். அவனும் கேக்கல, நானும் சொல்லல. நானாப் போயி நின்னா நல்லா இருக்காது. தீபாவளிக்கு அவஞ் சம்சாரம் எப்படியும் பலகாரம் குடுத்து விடுவா. அதச் சாக்கா வெச்சுப் பேசிக்கலாம்னு நெனச்சிருக்கறனுங்க." அவர் வாசல் பக்கம் பார்த்தார். தெருவில் பொங்கலுக்குப் போட்ட பெரிய கோலம் பாதி அழிந்து கிடந்தது. "தீபாவளிக்குப் பாத்துக்கலாமுங்களா?"

திரையில் மூன்று வரிகளுக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அவள் இப்போது எழுதலாம். அவர் படித்துக்கொள்வார், அவள் வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரே ஒருமுறை எழுதினாலும் போதும், தடம் விழுந்துவிடும். பிறகு இந்தக் கை யாரிடம் போனாலும் அதை எழுதும். தொட்டியில் கரைந்தாலும் அது எங்காவது மிதக்கும். ஈரோட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த பெண்ணுக்கும் ஒருநாள் அது நேராகச் சொல்லும், பக்கத்தில் யாரும் இல்லாமல்.

தாரணி விசைகளிலிருந்து கையை எடுத்தாள். கம்ப்யூட்டரை மூடினாள். அகிலா கரண்டியோடு கதவருகே வந்து, ஏதோ கேட்க வாயெடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றாள்.

"இன்னிக்கே தாராபுரம் போயிடுங்கண்ணா," என்றாள் தாரணி.

அவர் அசையவில்லை. அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதுவும் பிடித்ததைக் கொடுங்கள் என்பதைப் போன்ற ஒன்றுதான். அவர் காத்திருந்தார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.  

"இந்தத் தீபாவளிக்கு நீங்க உயிரோட இருக்க மாட்டீங்கண்ணா."